டிவிடியிலிருந்து எடுத்த படத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கமா? சரிசெய்வது இப்படித்தான்

டிவிடியை ரிப் செய்து (அதிலிருக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஃபைலாக எடுத்து) முடித்து ஆசையாகப் போட்டுப் பார்த்தால், ஆள் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. உடனே எல்லோரும் என்ன செய்கிறோம்? செட்டிங்கை அங்கே இங்கே மாற்றி முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்ய, அதாவது புதிதாகச் சுருக்கி எழுதப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பெரும்பாலும் இது என்கோட் எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை, ஆனால் எந்த வகைக் கோளாறு என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

அதற்கும் முன்னால், கோளாறு ஃபைலில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை ஒரே படத்தை மூன்று தடவை என்கோட் செய்து சலித்துப்போய், காதிலிருந்த ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் தாமதம் அதில் என்று தெரிந்தது. வயர் ஹெட்போனில் கேளுங்கள், வேறொரு பிளேயரிலும் ஓட்டுங்கள், டிஸ்க்கையே நேரடியாகப் போட்டும் பாருங்கள்.

சரி, ஃபைலில்தான் கோளாறு என்றால் படத்தின் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் சோதிக்க வேண்டும். கதவு அறைவது, கை தட்டுவது மாதிரி காட்சி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முகம் பெரிதாகத் தெரிகிற இடத்தில் ‘ப’, ‘ம’ வரும் சொல்லைப் பிடியுங்கள். ‘அம்மா’, ‘அப்பா’ என்று சொல்ல உதடு ஒட்டியே ஆக வேண்டும், ‘க’வுக்கோ ‘த’வுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. (டப்பிங் படத்தில் இந்த வித்தை செல்லாது, அங்கே உதடு வேறு மொழி பேசிக்கொண்டிருக்கும்.)

மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். விஎல்சி பிளேயரில் படத்தை ஓட்டி, ஒலி முந்தி வந்தால் ‘கே’ பட்டனையும் பிந்தி வந்தால் ‘ஜே’ பட்டனையும் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு 50 மில்லி செகண்ட் நகரும். உதடும் ஒலியும் சேர்ந்ததும் திரையில் தெரிகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மைனஸ் இருந்தால் அதையும் சேர்த்து. அப்புறம் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ஃபைலைத் திறந்து, ஆடியோ ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து, ‘டிலே’ என்ற கட்டத்தில் அதே எண்ணைப் போட்டு மல்டிபிளெக்ஸ் (படத்தையும் ஒலியையும் ஒரே ஃபைலாகச் சேர்க்கும் பட்டன்) கொடுத்தால் புது எம்கேவி வீடியோ ஃபைல் தயார். படத்தின் தரம் ஒரு துளியும் குறையாது. ரொம்பத் துல்லியத்துக்காக மெனக்கெட வேண்டாம், நொடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் ஒரு ஃப்ரேமே 40 மில்லி செகண்ட்தான். ஒலி முந்துவதுதான் நமக்குச் சீக்கிரம் உறுத்தும், கொஞ்சம் பிந்துவதை மூளை பொறுத்துக்கொள்ளும், அதனால் சந்தேகம் வந்தால் பிந்துகிற பக்கமே விடுங்கள்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் கதை வேறு. அது ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) தகராறு. பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த டிஸ்க் நொடிக்கு 25 ஃப்ரேம், என்டிஎஸ்சி (NTSC) முறை 29.97, சினிமா ஃபிலிமிலிருந்து என்டிஎஸ்சிக்கு மாற்றியது 23.976. இந்தக் கடைசி எண்ணை எங்கேயோ ஒரு மென்பொருள் 24 என்று முழுமையாக்கிவிட்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும். நீங்கள் ‘டிலே’யில் என்ன போட்டாலும் ஒரு காட்சிக்குச் சரியாகி அடுத்த காட்சிக்குக் கெடும். இங்கே ஆடியோவைத் தொடாமல் வீடியோவை இழுக்க வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸில் வீடியோ ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தால் ‘ஸ்ட்ரெச் பை’ என்று ஒரு கட்டம் உண்டு. 3600ஆவது நொடியில் நடப்பதன் ஒலி 3603.6இல் கேட்டால், இரண்டாவதை முதலாவதால் வகுத்து 1.001 என்று போடுங்கள். ஒலி முந்தினால் விடை ஒன்றுக்குக் கீழே வரும், அவ்வளவுதான். சப்டைட்டில் வீடியோவோடு ஒட்டி ஓடியிருந்தால் அதற்கும் அதே எண். ஆடியோவை இப்படி இழுத்தால் சில பிளேயர்களில் நொண்டும், அதனால்தான் வீடியோ.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாற்றியதை எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் விலகுகிறது என்றால், இடத்துக்கு இடம் மாறுகிற ஃப்ரேம் ரேட்டைச் சந்தேகப்படுங்கள். ஹேண்ட்பிரேக்கில் ஃப்ரேம் ரேட்டை ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ என்று வைத்து, ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’டைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். பழைய ஏவிஐ ஃபைலில் மாறுகிற பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) எம்பி3 ஒலி இருந்தாலும் இதே தலைவலிதான், ஏவிஐயை விட்டுவிட்டு எம்கேவிக்கு வந்துவிடுங்கள்.

மூன்றாவது வகை, நடுவில் ஒரு இடம்வரை சரியாக வந்து, சட்டென்று தாவி, அங்கிருந்து கடைசிவரை தப்பாகவே ஓடுவது. அது பெரும்பாலும் ரிப் செய்யும்போதே விழுந்த ஓட்டை. கீறலோ அழுக்கோ இருந்த இடத்தில் சில ஃப்ரேம்கள் போயிருக்கும். இல்லையென்றால் டிஸ்க்கில் படம் இருக்கும் விஓபி (VOB) ஃபைல் துண்டுகளைக் கையால் காப்பி செய்து ஒட்டியிருப்பீர்கள். அந்தத் துண்டுகளுக்குள் நேரக் குறியீடு நடுநடுவே புதிதாகத் தொடங்கும், வெறுமனே ஒட்டினால் பிளேயர் குழம்பிவிடும். இதை ஒட்டுப்போட்டு மாளாது. டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து (வட்டமாகத் தேய்க்காதீர்கள்), மேக்எம்கேவி என்ற ரிப் மென்பொருளில் படம் இருக்கிற டைட்டிலை (டிஸ்க்கில் தனித்தனியாக இருக்கும் வீடியோக்களில் ஒன்று) முழுசாகத் திரும்ப எடுங்கள். முடிந்ததும் முதலில் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள், அதுவரை பழைய ஃபைலை அழிக்க வேண்டாம்.