பிளாக் என்றால் எந்த பிளாக்?

தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) முதல் தடவை விழுந்தபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் சோடா உடைத்துக் கொடுத்து உட்கார வைத்தார். "ஒண்ணுமில்ல கண்ணு, பித்தம்" என்றார் அப்புச்சி. ஒரு மாதத்தில் மறுபடியும் விழுந்து நெற்றி கிழிந்தது. மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிடம் நாடியை எண்ணினேன். 34 தான் இருந்தது. ஈசிஜி எடுத்துவிட்டு, முழு ஹார்ட் பிளாக் என்றார்கள்.

'பிளாக்' என்று கேட்டதும் வீட்டில் எல்லோரும் ரத்தக்குழாய் அடைப்பு என்றே நினைத்தோம். பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் காய்ச்சிக் குடித்தால் கரைந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, இரண்டு நாள் அதிலேயே போனது. இன்று நினைத்தாலும் பதறுகிறது. தோட்டத்து மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். பைப்பில் அடைப்பு வேறு, மோட்டாருக்கு வரும் ஒயரில் கரண்ட் வராமல் போவது வேறு. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு வந்து சேராததுதான் இந்த பிளாக். கீழறை தன் போக்கில் மெதுவாகத் துடிக்கும், சில நேரம் சில விநாடி நின்றும் போகும். கஷாயமும், ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்டும் அந்த ஒயரைச் சரிசெய்யாது.

முன்னறிவிப்பே இல்லாமல் சட்டென்று விழுந்து, சில விநாடியில் தெளிவாக எழுந்து உட்கார்ந்தால், வெயில், பித்தம், சர்க்கரை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கிறுகிறுப்போடு நாடியும் 40க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு ஈசிஜி நன்றாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. விட்டு விட்டு வரும் தடை, உடம்பில் மாட்டிவிட்டு 24 மணி நேரமும் ஈசிஜி எடுக்கும் ஹோல்டரில்தான் சிக்கலாம். சாப்பிடும் மருந்தையெல்லாம் காட்டுங்கள். பிரஷருக்குத் தரும் அட்டெனோலால் போன்றவையும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும்கூட நாடியைக் குறைக்கும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இதயத்துக்கு மின்துடிப்பு கொடுக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைக்கச் சொன்னால், "இந்த வயசுல மிஷின் எதுக்குங்க?" என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. நெஞ்சைப் பிளக்கும் ஆபரேஷன் இல்லை இது. காரை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, சிரை வழியாக ஒயரை இதயத்துக்குள் இறக்குவார்கள். உடலுக்குள் பேஸ்மேக்கர் முதன்முதலில் வைக்கப்பட்டது 1958இல், ஸ்டாக்ஹோமில், ஆர்னே லார்சன் என்பவருக்கு. அப்போது அவருக்கு வயது 43. இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்.

வீட்டுக்கு வந்தபின் நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. எங்கள் பக்கம் காயம் என்றாலே மஞ்சள். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பாசத்தோடு குழைத்து எடுத்து வந்த கிண்ணத்தை நான் கெஞ்சித்தான் திருப்பி அனுப்பினேன். தையலில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் படக்கூடாது. உள்ளே சீழ் பிடித்தால் கருவி, ஒயர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வரும். சிவப்பு, வீக்கம், கசிவு, காய்ச்சல் எது வந்தாலும் உடனே காட்டுங்கள்.

கையும் அப்படித்தான். நான்கு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, பாரம் சுமக்கக் கூடாது. அதற்காகத் துண்டில் கட்டியே வைத்தால் தோள் இறுகிப்போகும். முழங்கையையும் தோளையும் அளவோடு அசைக்கத்தான் வேண்டும்.

அப்புறம் செல்போன் பயம். அப்புச்சி போனைத் தொடவே மாட்டேன் என்றார். கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருந்தால் போதும். சட்டையின் அந்தப் பக்கப் பையில் வைக்காமல், மறுபக்கக் காதில் பேசலாம். டிவி, மிக்ஸிக்குப் பயம் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நிற்கட்டும். பட்டறையில் வெல்டிங் வைப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் வேலைக்குத் திரும்பக் கூடாது.

பல் டாக்டர், பிசியோதெரபி, எம்ஆர்ஐ, வேறு ஆபரேஷன் என எங்கே போனாலும் முதல் பேச்சே "பேஸ்மேக்கர் இருக்குதுங்க" என்பதாக இருக்கட்டும். பேஸ்மேக்கர் கார்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும். பேட்டரி பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரும். நன்றாக இருக்கிறேனே என்று பரிசோதனையைத் தவிர்த்தால், அது இறங்குவதை முன்கூட்டியே அறிய முடியாது.

அப்புச்சியின் கருவியில் வைத்திருக்கும் குறைந்த அளவு நிமிடத்துக்கு 60 துடிப்பு. காலண்டர் ஓரத்தில் அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். காலையில் காபிக்கு முன்னால் நாடியை எண்ணுவார். குறைந்தால் எனக்குப் போன் வரும்.