இங்க் டேங்க் பிரிண்டர் காய்ந்து போகாமல் வைத்துக்கொள்வது எப்படி

மே மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் பிரிண்டர் பக்கம் யாரும் போகவில்லை. ஜூனில் பள்ளி திறந்த வாரம், இரவு ஒன்பது மணிக்கு மேல் பையன் வந்து நாளைக்குள் ப்ராஜெக்ட் ஷீட் வேண்டும் என்கிறான், எடுத்துப் பார்த்தால் தாளில் மஞ்சளும் லேசாக நீலமும் மட்டும் வருகிறது, கருப்பு ஒரு கோடுகூட இல்லை. உடனே ஹெட் கிளீனிங் கொடுத்தேன். வரவில்லை. மறுபடி கொடுத்தேன். இப்படியே பதினோரு தடவை. கருப்பு வரவே இல்லை, டேங்கில் இருந்த இங்க் மட்டும் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில்தான் ஷீட் எடுத்தோம்.

அந்தப் பதினோரு தடவை செய்ததுதான் பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது. ஹெட் கிளீனிங் என்று பெயர் இருந்தாலும் உள்ளே யாரும் துடைத்துக் கழுவுவதில்லை, பெரும்பாலும் அது உறிஞ்சுகிற வேலைதான். தாளில் இங்க் தெளிக்கும் பாகமான ஹெட் போய் நிற்கும் மூலையில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது, அதன் அடியில் ஒரு சின்ன பம்ப், அது ஹெட்டில் இங்க் வெளிவரும் துளைகளான நாசில் வழியாக இங்கை இழுத்துப் பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சுக்கு அனுப்புகிறது. அதற்குப் பெயர் வேஸ்ட் இங்க் பேட். எவ்வளவு இங்க் அங்கே போனது என்று பிரிண்டர் கணக்கு வைத்துக்கொண்டே வரும், அளவு முடிந்தால் சர்வீஸுக்குக் கொண்டு போ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆக ஒவ்வொரு கிளீனிங்கிலும் இங்கும் போகிறது, பேடின் ஆயுளும் போகிறது.

சரி, ஏன் காய்கிறது? நாசில் ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய துளை. வீட்டுப் பிரிண்டர் இங்கில் பெரும்பங்கு தண்ணீர், அது ஆவியானால் சாயம் மட்டும் துளையில் தங்கி அடைத்துக்கொள்ளும். மூடி போடாமல் வைத்த மைப்பேனா மாதிரிதான். அதைத் தடுக்கத்தான் அந்த ரப்பர் மூடி, பிரிண்டரை ஆஃப் செய்யும்போது ஹெட் தானாகப் போய் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? போகிற போக்கில் சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போகிறோம். பிரிண்ட் நடுவில் அப்படித் தட்டினால் ஹெட் பாதி வழியில் திறந்தபடியே நிற்கும். அதனால் முதலில் பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்துங்கள், சத்தம் ஓய்ந்து விளக்கு அணைந்த பிறகு சுவர் ஸ்விட்சைத் தொடுங்கள். நடுவில் கரண்ட் போனால், வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து பட்டனிலேயே ஆஃப் செய்துவிடுங்கள்.

அடுத்தது வாரம் ஒரு தாள். எல்லா நிறமும் உள்ள ஏதாவது ஒரு பக்கம் போதும். கருப்பில் மட்டும் பத்துப் பக்கம் எடுப்பதால் மஞ்சளுக்கோ நீலத்துக்கோ பயனில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை நாசில் செக் பக்கத்தையே எடுத்துவிடுகிறேன், இங்க் மிகக் குறைவாகத்தான் செலவாகும், நிலவரமும் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் பிரிண்டர் செட்டிங்கில் மெயின்டெனன்ஸ் என்ற பகுதியில் அது இருக்கும். பட்டனிலேயே எடுக்கும் வழி மாடலுக்கு மாடல் வேறுபடும், கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள். நான்கு நிறத்திலும் படிப்படியாக இறங்கும் சின்னச் சின்னக் கோடுகள் வரும், ஒன்றும் விடுபடக் கூடாது. மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. அதற்கு ஒரு தந்திரம்: அறை விளக்கை அணைத்துவிட்டு, போனில் முழு நீலமாக ஒரு படத்தைத் திறந்து அந்த வெளிச்சத்தில் தாளைப் பிடியுங்கள், மஞ்சள் கருப்பாகத் தெரியும்.

ஓரிரண்டு கோடு விட்டுப்போயிருந்தால் ஒரு கிளீனிங், உடனே இன்னொரு நாசில் செக். முன்னேற்றம் தெரிந்தால் இன்னொன்று. மூன்றோடு நிறுத்துங்கள். அப்புறம் ஆஃப் செய்துவிட்டு 12 மணி நேரமாவது விடுங்கள், ராத்திரி விட்டுக் காலையில் பார்ப்பது வசதி. காய்ந்த இடத்தைப் புதிதாக வந்த இங்க் ஊறவைக்க நேரம் வேண்டும், அந்த நேரத்தைக் கொடுக்காமல் தொடர்ந்து உறிஞ்சினால் ஒன்றும் நடக்காது. ஏதாவது ஒரு நிறம் அடியோடு வரவில்லை என்றால் கிளீனிங்குக்கு முன் டேங்கைப் பாருங்கள், கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கி டியூபில் காற்று புகுந்திருக்கலாம். பவர் கிளீனிங், டீப் கிளீனிங் என்றெல்லாம் இருப்பது இன்னும் பலமாக உறிஞ்சுகிற வேலை, அது கடைசி ஆயுதம். அதைத் தொடும் முன் எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்குக்குப் பதில் காற்றை உறிஞ்சி இருந்ததையும் கெடுத்துக்கொள்ளும். நாசில் செக் சுத்தமாக வந்து போட்டோ மட்டும் மோசமாக வந்தால் ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள், பேப்பர் வகை செட்டிங்கைப் பாருங்கள். நேர்கோடு உடைந்து உடைந்து வந்தால் ஹெட் அலைன்மென்ட் ஓட்ட வேண்டும்.

என் பிரிண்டருக்கு வருகிறேன். பிரிண்டரின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ரப்பர் மூடியின் விளிம்பைச் சுற்றிக் கருப்பு இங்க் பொருக்காகக் காய்ந்து, அதில் ஒரு முடியும் தூசியும் ஒட்டியிருந்தது. விளிம்பு ஹெட்டோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பம்ப் இங்கை உறிஞ்ச முடியும். சந்து இருந்தால் காற்றும் சேர்ந்து வந்து இழுப்பு குறைந்துவிடும். அதனால்தான் அடைத்துக்கொண்ட கருப்பு பதினோரு தடவைக்கும் அசையவில்லை, மற்ற நிறங்கள்தான் போய்க்கொண்டிருந்தன.

இதைச் சுத்தம் செய்ய டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான், பேட்டரி கடையில் கிடைக்கும். போர் தண்ணீர் வேண்டாம், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற உப்பு அங்கேயும் படியும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். மெடிக்கலில் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஊசியைக் கழற்றிவிடுங்கள், காது குடையும் பட்ஸ் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிண்ட் கொடுத்து, ஹெட் மூலையை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள் (இவ்வளவு நேரம் செய்யாதே என்று சொன்னதை இந்த ஒரு வேலைக்கு மட்டும் செய்கிறோம்). ஹெட்டை மெதுவாகக் கையால் தள்ளினால் நகரும், நகராவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். பட்ஸை நனைத்து ரப்பர் விளிம்பை மட்டும் சுற்றிச் சுற்றித் துடையுங்கள், பஞ்சு இழை உள்ளே விழாமல். பிறகு மூடிக்குள் இருக்கும் பஞ்சில் ஏழெட்டுச் சொட்டு விடுங்கள், ததும்பக் கூடாது. பத்து நிமிடம் கழித்து, ஊறிக் கலங்கிய மையை டிஷ்யூ முனையால் ஒற்றி எடுங்கள். இன்னும் நாலைந்து சொட்டு விட்டு, பிளக்கை மாட்டி ஆன் செய்து பட்டனில் ஆஃப் செய்தால் ஹெட் போய் ஈரமான பஞ்சின் மேல் உட்காரும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். எனக்குக் காலையில் ஒரே ஒரு கிளீனிங், கருப்பில் மூன்று கோடு மட்டும் பாக்கி, மறுநாள் அதுவும் வந்துவிட்டது.

உள்ளே கை விடும்போது ஹெட் ஓடும் பாதைக்குப் பின்னால் நீளமாக ஒரு கண்ணாடி போன்ற பட்டை தெரியும், அதைத் தொடாதீர்கள். அதில் உள்ள நுண்ணிய கோடுகளைப் படித்துத்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. இங்க் கறையோ கிரீஸோ பட்டால் ஹெட் போய்ப் பக்கச் சுவரில் டமால் என்று மோதும். ஹெட்டைக் கழற்றுகிற மாதிரி மாடலாக இருந்தால் வேலை சுலபம், வெளியே எடுத்து அடிப்பக்கத்தை ஈர டிஷ்யூவில் ஒற்றலாம், செம்பு நிறத்தில் இருக்கும் மின்தொடர்புப் புள்ளிகளில் மட்டும் விரல் படக் கூடாது.

தாள் இழுக்கவில்லை, அல்லது நாலு தாளைச் சேர்த்து இழுக்கிறது என்றால் ரோலரும் தாளும்தான் காரணம். மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டும். ட்ரேயில் அடுக்கி விட்டுவிடாமல் மிச்சத்தை அதன் கவரிலேயே மூடி வையுங்கள், வைக்கும் முன் விசிறி மாதிரி ஒரு தடவை பிரித்துவிடுங்கள். ரோலரை நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் சுற்றித் துடைத்தால் போதும், தின்னர் பெட்ரோல் எல்லாம் ரப்பரைத் தின்றுவிடும். சிக்கிய தாளை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள், ஒரு மூலை கிழிந்து உள்ளே நின்றால் அடுத்த பத்துத் தாளும் அங்கேயே சிக்கும். எங்கள் வீட்டில் ஒரு முறை சிக்கியது தாளே அல்ல, பின் ட்ரேயில் பல்லி முட்டை. அன்றிலிருந்து பழைய வேட்டித் துண்டு ஒன்றைப் போட்டு மூடி வைக்கிறோம்.

இங்க் ஊற்றும்போது பாட்டில் எண்ணைப் பாருங்கள். சில மாடலில் கருப்பு மட்டும் பிக்மென்ட் (தண்ணீரில் கரையாத நிறத்துகள் மிதக்கும் இங்க்), மற்றவை டை (தண்ணீரில் கரைந்த சாயம்). மாற்றி ஊற்றினாலோ கலந்தாலோ உள்ளே கெட்டிப்பட வாய்ப்பு உண்டு. வெளிக் கம்பெனி இங்க் ஊற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், நான் ஒரு முறை ஊற்றிப் பார்த்து நிறுத்திவிட்டேன். பேட் நிரம்பிவிட்டது என்று வந்தால், கணக்கை மட்டும் சாஃப்ட்வேரில் ரீசெட் செய்து தருகிறேன் என்பவரிடம் பஞ்சையும் மாற்றச் சொல்லுங்கள். கணக்கு பூஜ்யமானாலும் பஞ்சு நனைந்தபடிதான் இருக்கும், பிறகு ஒரு நாள் மேஜை விரிப்பில் இங்க் இறங்கும். புது மாடல் சிலவற்றில் அந்தப் பஞ்சு இருக்கும் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம்.

லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காய்கிற தொல்லை கிடையாது. அதன் மைத்தூளான டோனர் சிந்தினால் வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், தூள் ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், சுடுதண்ணீர் பட்டால் தூள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக ஆயுத பூஜை. அன்றைக்குத்தான் நாம் பிரிண்டரை வருஷத்தில் ஒரு நாள் உண்மையாகவே துடைக்கிறோம், துடைத்த கையோடு அதன் தலையில் விபூதியும் குங்குமமும் வைக்கிறோம். பொட்டைக் குழைத்து முன்பக்கத்தில் வையுங்கள், பின் ட்ரேயை மூடிவிட்டு வையுங்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் விபூதி ரோலரில் விழுந்து, தீபாவளி வரைக்கும் அது ஒரு தாளை இழுக்கவில்லை.