பேணிக்குள் ஊமைப் படம் கிடைத்தால் செய்யக்கூடாதவை

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் அலுமாரியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். பழைய படச்சுருள் பேணியை வைக்கவே கூடாத இடம் அது. 1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீற்றர் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் சுருளில்தான் வந்தன. சிதைந்த நைட்ரேட் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். எரியும்போது ஒட்சிசனையும் தானே விடுவதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். அதையும் முழுதாக நம்பவேண்டாம், மூலச் சுருளின் ஓர எழுத்து, பிரதி நைட்ரேட்டாக இருந்தாலும் அதிலும் பதிந்துவிடும். 16 மில்லிமீற்றர் என்றால் தீப் பயம் அநேகமாக இல்லை. ஆனால் வினாகிரி மணம் வந்தால் சுருள் அழுகத் தொடங்கிவிட்டது. சரி, மாரி மழை படாமல் பொலித்தீனில் இறுக்கிக் கட்டிவைப்போமா? அதுவும் தவறுதான். அமில ஆவி உள்ளேயே தங்கி அழுகலை விரைவாக்கும்.

எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தருவது, "ஒருதரம் ஓட்டிப் பார்ப்போமே" என்று புரொஜெக்டரில் மாட்டுவது. நூறு வருடச் சுருள் சுருங்கியிருக்கும். புரொஜெக்டரின் பற்கள் ஓரத் துளைகளை வரிசையாகக் கிழித்துவிடும். சுருளை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு சாண் பார்த்தாலே போதும்.

பேணியின் பெயரை வைத்து முடிவெடுப்பதும் வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகனில் ஒருவர் கீஸ்டோன் என்ற ஊமைப்பட நிறுவனத்தின் வழக்கமான நகைச்சுவை என்று நினைத்து வாங்கிய சுருளில், பொலிஸ்காரராக வந்து நின்றவர் சார்லி சாப்ளின்! 1914இல் வெளியாகி, தொலைந்ததாகக் கருதப்பட்ட படம் அது. 2010இல்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

அப்புறம், டிஜிட்டலாக்குபவர்கள் விடும் பிழை வேகத்தில். ஊமைப் படங்களுக்கு ஒரே வேகம் கிடையாது. கையால் சுற்றிய கமெரா, செக்கனுக்கு 16 பிரேமும் இருக்கும், 20உம் இருக்கும். எல்லாவற்றையும் 24இல் ஓட்டினால் எறும்புப் புற்று கலைந்தமாதிரி இருக்கும். அதற்காக மனித நடைக்கு இழுத்து மெதுவாக்கினாலும் கெட்டது, ஏனென்றால் கொஞ்சம் வேகமாகத் தெரியவேண்டும் என்றே கமெராவை மெதுவாகச் சுற்றிப் பிடித்த காட்சிகள் ஊமை நகைச்சுவைகளில் நிறைய. ஆள் விழுந்து எழும்பும் தாளத்தைப் பார்த்துத்தான் வேகத்தைப் பிடிக்கவேண்டும்.

"ஒரு றீல்தானே, முழுப் படமில்லையே" என்று எறிந்துவிடாதீர்கள். லாரல், ஹார்டி என்ற நகைச்சுவை இணை நடித்த 1927ஆம் ஆண்டுப் படமொன்றின் இரண்டாம் றீல் 2015இல் அப்படித் தனியாகத்தான் கிடைத்தது. 'பை' என்கிற கிரீம் பலகாரத்தை ஒரு தெருவே முகத்துக்கு முகம் எறிந்துகொள்ளும் சண்டை அதில்தான் இருந்தது. பறந்தவை ஏறத்தாழ 3000 என்பார்கள்.