58 நெருங்குகிறதா? மில், எஸ்டேட் தொழிலாளர்கள் கடைசி மூன்று மாதத்தில் முடிக்க வேண்டியவை

சேலத்து நூல் மில்லோ, பட்டறையோ, ஏற்காட்டுக் காபித் தோட்டமோ, எங்கே வேலை பார்த்தாலும் ஓய்வுப் பணம் இழுத்தடிக்கப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டிய காகிதங்களை வேலை முடிந்த பிறகு தேடிப் போகிறோம். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இருக்கும்போது டைம் ஆபீஸில் ஐந்து நிமிடத்தில் நடக்கிற காரியத்துக்கு, பெயரை எடுத்த பிறகு கேட்டில் காத்து நிற்க வேண்டும். அதனால் கடைசி நாளிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணி, அன்றே தொடங்கிவிடுங்கள்.

முதலில் பெயரும் பிறந்த தேதியும். ஆதார், பான், வங்கிப் புத்தகம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல் என்று இரண்டு பெயர் ஓடும். கண்ணுக்கு இது சின்ன வித்தியாசம், ஆனால் ஆன்லைன் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எஸ்டேட் ஆட்களுக்குப் பிறந்த தேதியிலும் சிக்கல் வரும். சேர்ந்தபோது உத்தேசமாக எழுதிய வயது ஒன்று, ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவானது ஒன்று. ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும் என்பதால் அவசரப்பட்டு அதைத் தொடாதீர்கள். பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ எதைச் சொல்கிறது என்று பார்த்து, தவறாக உள்ளதை மட்டும் திருத்துங்கள். பி.எஃப். பதிவைத் திருத்த நிர்வாகமும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டியிருக்கும். ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று கேட்டால் எச்.ஆரில் புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது பழைய கணக்குகள். இரண்டு மூன்று மில் மாறியவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு பி.எஃப். எண் இருக்கும். எல்லாம் ஒரே யு.ஏ.என். எண்ணின் (ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் பொது எண்) கீழ் வந்து, பணமும் பணிக்காலமும் இப்போதைய கணக்குக்கு மாறியிருக்க வேண்டும். மாறாமல் கிடந்தால் அந்த ஆண்டுகள் பென்ஷன் கணக்கில் ஏறாது. பழைய இடத்தில் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்தக் காலம் போனதுதான். பென்ஷனுக்கு 10 ஆண்டுப் பணி வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு ஆண்டாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், ஒன்பதரை ஆண்டு உள்ளவர்கள் 'நமக்கு இல்லை' என்று பணத்தை எடுத்துவிடக் கூடாது.

பென்ஷன் எவ்வளவு வரும்?

சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கச் சொல்வார்கள். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆனால் 2014 செப்டம்பர் 1-க்கு முந்தைய பணிக்கு 6,500 ரூபாய்தான் வரம்பு. இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் ஆணை கையில் வந்ததும் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

2008 செப்டம்பரில் சேர்ந்து 2026 ஆகஸ்ட் முடிய வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் வரம்புக்கு மேல். முதல் 6 ஆண்டுக்கு 6,500 × 6 ÷ 70 = 557 ரூபாய். அடுத்த 12 ஆண்டுக்கு 15,000 × 12 ÷ 70 = 2,571 ரூபாய். ஆக மாதம் 3,128 ரூபாய். மொத்தமாக 18 ஆண்டையும் 15,000-ல் பெருக்கினால் 3,857 வரும், அது கிடைக்காது. 20 ஆண்டு முடித்தவர்களுக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 18, 19 ஆண்டில் நிற்பவர்கள் பழைய கணக்கைத் தேடிச் சேர்ப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

'60 வரை தள்ளிப் போடு, ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்' என்று சொல்பவர்கள் உண்டு. கூடுவது உண்மை. மேலே சொன்னவருக்கு மாதம் சுமார் 250 ரூபாய் கூடும். அதற்காக 24 மாதப் பென்ஷன், ஏறக்குறைய 75,000 ரூபாயை விட வேண்டும். விட்டதைப் பிடிக்க 25 ஆண்டு ஆகும். பெரும்பாலோருக்கு 58-லேயே வாங்குவதுதான் நல்லது. உங்கள் கம்பெனியில் ஓய்வு வயது 60 என்றாலும், 58 முடிந்ததும் வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கலாம்.

58 முடிந்த பிறகு பென்ஷன் கணக்குக்குப் பணம் போகக் கூடாது, நிர்வாகத்தின் பங்கு முழுவதும் பி.எஃப்.புக்கே போக வேண்டும். சம்பளப் பிரிவில் இதை மாற்ற மறந்துவிட்டால் விண்ணப்பம் திரும்பிவரும். பிறந்த நாள் வருகிற மாதத்தில் நீங்களே நினைவூட்டுங்கள்.

பென்ஷனுக்குப் படிவம் 10டி, பி.எஃப். பணத்துக்குப் படிவம் 19. 10டி-க்குக் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம், வங்கிப் புத்தக முதல் பக்கம், 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வயதுச் சான்று வேண்டும். நிர்வாகம் முன்கூட்டியே அனுப்பினால் ஓய்வு நாளிலேயே ஆணை தரும் 'பிரயாஸ்' என்ற ஏற்பாடு பி.எஃப். அலுவலகங்களில் உண்டு. சேலம் மண்டல அலுவலகத்தில் அதற்காகக் கேட்கச் சொல்லி எச்.ஆரை வற்புறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் விலகிய தேதியையும் காரணத்தையும் நிர்வாகம் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். காரணம் 'ஓய்வு' என்றே இருக்க வேண்டும். ஓய்வு என்றால் பி.எஃப். எடுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. அவர்கள் ஏற்றாமல் விட்டால் நீங்களே போடலாம், ஆனால் அதற்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

கிராஜுவிட்டி

இது வேலை முடிந்ததும் நிர்வாகம் தர வேண்டிய பணிக்கொடை. கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேரும், வீட்டு வாடகைப்படி பொதுவாகச் சேராது. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,200 ரூபாய், 23 ஆண்டு 7 மாதம் என்றால், 18,200 ÷ 26 = 700. 700 × 15 = 10,500. ஏழு மாதம் ஒரு ஆண்டாக ஏறுவதால் 24-ஆல் பெருக்கினால் 2,52,000 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்து.

பீஸ் ரேட்டில் (செய்து முடித்த அளவுக்குக் கூலி என்று) வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும். உங்களுக்குக் கடைசி மூன்று மாதக் கூலியின் சராசரிதான் அடிப்படை, ஓவர்டைம் சேராது. அந்த மூன்று மாதத்தில் நீண்ட லீவு போட்டால் இருபது ஆண்டுக் கிராஜுவிட்டியும் குறைய வாய்ப்புண்டு. கோவில், கல்யாணம் எதுவானாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கக் கடன், ஜாமீன், இ.எஸ்.ஐ.

சிக்கன நாணயச் சங்கத்தில் உங்கள் கடன் அடைந்திருக்கலாம். ஆனால் கூட வேலை பார்க்கிறவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலுவையில்லாச் சான்று கிடைக்காது. அவர் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும், அதற்கு நாள் ஆகும். முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஓய்வுக்கு முன் குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில்) இருந்தவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவம் தொடரும். இவ்வளவு மலிவான மருத்துவக் காப்பு வெளியே கிடைக்காது. வயது முதிர்ந்து ஓய்வு பெற்றதாக நிர்வாகம் தரும் சான்றைக் கடைசி வாரத்திலேயே வாங்கி, கிளை அலுவலகத்தில் கொடுங்கள்.

எஸ்டேட் வீட்டில் இருப்பவர்களுக்கு

லைன் வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலை பார்த்தால் வீட்டை அவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று மேனேஜரிடம் இப்போதே கேளுங்கள். கீழே சேலத்துக்கோ வாழப்பாடிக்கோ குடிபோவதாக இருந்தால், 10டி-யில் புது முகவரியையே எழுதுங்கள். இல்லாவிட்டால் பென்ஷன் ஆணை ஆளில்லாத லைனுக்குப் போய்த் திரும்பிவிடும். ரேஷன் கார்டு, ஆதார் முகவரியையும் அப்போதே மாற்றிவிடலாம். வருடந்தோறும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். பல வருடம் பழம் பறித்து, கவாத்து செய்து ரேகை தேய்ந்த விரல் மெஷினில் பதியாது. முகத்தைக் காட்டியே செல்போனில் சான்று பதியலாம், தபால்காரரையும் வீட்டுக்கு வரச் சொல்லலாம்.

கடைசி வாரம்

உங்கள் இடத்துக்கு வருபவரோடு ஒரு வாரமாவது சேர்ந்து நில்லுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் சாவிகள், மெஷினின் வழக்கமான கோளாறு, எந்த பேரிங் எந்த அளவு, கடைசியாக எப்போது மாற்றியது என்று எழுதிக் கொடுங்கள். காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினாக இருந்தால் எந்த இடைவெளியில் பழம் நசுங்காமல் தோல் உரிகிறது என்பதையும் எழுதுங்கள். புதியவருக்கு அது ஒரு சீசன் மிச்சம். கருவிகளை ஒப்படைத்ததும் பட்டியலில் ஸ்டோர் கீப்பரின் கையெழுத்து வாங்குங்கள்.

கையில் எடுத்து வர வேண்டியவை: விடுவிப்பு ஆணை, பணிச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, கிராஜுவிட்டி கணக்குத் தாள், விடுப்புச் சம்பளக் கணக்கு. ஓய்வுப் பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட நினைப்பவர்கள், 55 முதல் 60 வயதுக்குள் என்றால், பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் தபால் நிலையத்திலோ வங்கியிலோ நிர்வாகத்தின் சான்றோடு போட வேண்டும். உச்சவரம்பு 30 லட்சம்.

சம்பளம் வந்த வங்கிக் கணக்கை ஒரு வருடமாவது மூடாதீர்கள். அந்த நிதியாண்டில் 30 நாளாவது வேலை செய்திருந்து, போனஸ் வரம்புக்குள் சம்பளம் உள்ளவர்களுக்குத் தீபாவளி போனஸில் பங்கு உண்டு. அது அந்தக் கணக்குக்குத்தான் வரும்.