எழிலில் நிரல்பாகம்: ஆட்டோ மீட்டரை வைத்து ஒரு பயிற்சி

சென்னை ஆட்டோவுக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12. (மீட்டர் போடுவார்களா என்பது வேறு கதை.) இந்தக் கணக்கை எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் ஒருமுறை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அந்தப் பெயர் வைத்த துண்டுதான் நிரல்பாகம்.

நிரல்பாகம் கட்டணம்(தூரம்)
  @(தூரம் <= 1.8) ஆனால்
    பின்கொடு 25
  இல்லை
    பின்கொடு 25 + (தூரம் - 1.8) * 12
  முடி
முடி

பதிப்பி கட்டணம்(6.8)

விடை 85. மனக்கணக்கில் சரிபாருங்கள்: மீதி 5 கிலோமீட்டர், 60 ரூபாய், கூட 25. உள் அடைப்பை விட்டுவிட்டால் பெருக்கல் முந்திக்கொண்டு 10.2 வரும்; அந்தக் காசுக்கு எந்த ஆட்டோவும் வராது.

'முடி' இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். ஒன்று 'ஆனால்' பகுதிக்கு, மற்றது நிரல்பாகத்துக்கு. ஒன்றை மறந்தால் பிழைச்செய்தி கீழே எங்கோ ஒரு வரியைக் காட்டும். தவறு மேலேதான் இருக்கும். உள்ளே தள்ளி எழுதினால் எது எதற்கான முடி என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது, விடையைத் திருப்பித் தரும் 'பின்கொடு' எழுத வேண்டிய இடத்தில் திரையில் மட்டும் காட்டும் 'பதிப்பி' எழுதி. திரையில் 85 வருவதால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அந்த 85 திரையோடு சரி, கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பாது. அதே 2013 கட்டணத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. அதைச் சேர்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்:

நிரல்பாகம் இரவு_கட்டணம்(தூரம்)
  பின்கொடு கட்டணம்(தூரம்) * 1.5
முடி

கட்டணம் மதிப்பைத் திருப்பித் தந்தால் 6.8க்கு 127.5 வரும். தராவிட்டால் 1.5ஆல் பெருக்க அங்கே எதுவுமே இருக்காது. 'இரவு_கட்டணம்' என்ற பெயரின் நடுவில் இடம் விடாமல் கீழ்க்கோடு போட்டிருப்பதும் காரணமாகத்தான். இடம் விட்டால் இரண்டு பெயராகிவிடும். கூப்பிடும் வரியை எப்போதும் நிரல்பாகத்துக்குக் கீழே வையுங்கள்.

எழுத்து எல்லாம் சரி, ஆனாலும் 'பின்கொடு' புரியவில்லை என்று எழில் அடம்பிடித்தால் தட்டச்சைச் சந்தேகியுங்கள். 'கொ'வை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்று, யூனிகோடில் வேறு வேறு. அந்தச் சொல்லை அழித்து, ஒரே விசைப்பலகையில் மறுபடி அடியுங்கள்.