ஸ்விங்கில் மவுஸ் கிளிக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவா மொழியில் ஜன்னல், பட்டன் போன்றவற்றை அமைக்க உதவும் ஸ்விங் தொகுப்பில் டெஸ்க்டாப் நிரல் எழுதுபவர்கள் பலர், பட்டனுக்கு மவுஸ்லிசனர் (மவுஸ் நிகழ்வுகளைக் கவனிக்கும் கோடு) போட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் இதுதான் பெரிய தவறு. மவுஸால் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் டேப் விசையால் பட்டனுக்கு வந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. மவுஸைப் பிடிக்க முடியாதவர்களுக்கு அந்தப் பட்டன் இல்லாததற்குச் சமம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செட்எனேபிள்டு மூலம் பட்டனை முடக்கினாலும் ஸ்விங் அதற்கு மவுஸ் நிகழ்வுகளை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். 'பணம் செலுத்து' பட்டன் மங்கிப்போய்த் தெரியும், கிளிக் செய்தால் கோடு ஓடும்! பட்டனுக்கு ஆக்‌ஷன்லிசனர்தான் போட வேண்டும்; மவுஸாலோ விசைப்பலகையாலோ பட்டன் இயக்கப்பட்டதைக் கவனிப்பது அதுதான்.

மவுஸ்லிசனர் தேவைப்படுவது படம் வரையும் பரப்பு, பட்டியல், அட்டவணை போன்றவற்றுக்கு. அங்கே எல்லாவற்றையும் மவுஸ்கிளிக்டு முறைக்குள் (கிளிக் நிகழ்ந்ததும் ஓடும் பகுதி) எழுதாதீர்கள். அழுத்தி, இழுத்து, வேறு இடத்தில் விட்டால் கிளிக் நிகழ்வு வராது. கை லேசாக நடுங்குபவருக்குக் கிளிக் 'சில நேரம் வேலை செய்யவில்லை' என்று தோன்றுவது இதனால்தான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு, அழுத்தியதும் ஓடும் மவுஸ்பிரஸ்டு முறை போதும்.

டபுள் கிளிக்கில் முதலில் கிளிக் எண்ணிக்கை 1 என்று ஒரு நிகழ்வு வரும், அப்புறம்தான் 2 வரும். அதாவது ஒற்றைக் கிளிக்குக்கான வேலையும் கட்டாயம் நடந்துவிடும். டைமர் வைத்துக் காத்திருந்து பிரிக்கப் பார்ப்பார்கள். வேண்டாம், விண்டோஸில் அந்த இடைவெளி இயல்பாக 500 மில்லிநொடி, ஒவ்வொரு கிளிக்கும் அவ்வளவு தாமதமாகும். ஒரு கிளிக்கில் தேர்வு, இரண்டில் திறப்பு என்று அமைத்தால் மோதலே வராது.

வலது கிளிக் மெனு விண்டோஸில் மவுஸ் பட்டனை விடும்போது வரவேண்டும், லினக்ஸிலும் மேக்கிலும் அழுத்தும்போது. அதனால் மெனுவுக்கான நிகழ்வா என்று சொல்லும் ஈஸ்பாப்அப்டிரிக்கரை, அழுத்தும்போதும் விடும்போதும் ஓடும் இரண்டு முறைகளிலும் சோதிக்க வேண்டும். மெனுவை நேரடியாகப் பொருத்தும் செட்காம்போனன்ட்பாப்அப்மெனு இருக்கும்போது அந்தச் சிரமமும் தேவையில்லை.

கடைசியாக, லிசனருக்குள் நீண்ட வேலை. தரவுத்தள வினவலையோ கோப்புப் பதிவிறக்கத்தையோ அங்கேயே ஓட்டினால் ஜன்னல் உறைந்துவிடும், ஏனென்றால் திரையை வரைவதும் கிளிக்கைக் கவனிப்பதும் ஒரே த்ரெட் (வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யும் ஒரே ஓட்டம்). உறைந்த நேரத்தில் பயனர் பொறுமையிழந்து தட்டும் கிளிக்குகள் தொலைந்துபோவதில்லை, வரிசையில் காத்திருக்கும். முறையின் தொடக்கத்தில் பட்டனை முடக்கி, முடிவில் மறுபடி இயக்கினாலும் பயனில்லை: காத்திருந்த கிளிக்குகள் கவனிக்கப்படும்போது பட்டன் உயிரோடு இருக்கும், வேலை மறுபடியும் ஓடும். நீண்ட வேலையைப் பின்னணியில் தனி த்ரெட்டில் ஓட்டும் ஸ்விங்வொர்க்கர் ஜாவா 6 முதல் உடன் வருகிறது. பட்டனை முடக்கிவிட்டு, வேலையை டூஇன்பேக்கிரவுண்டு முறையிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் ஓடும் டன் முறைக்குள் மட்டும் பட்டனைத் திரும்ப இயக்குங்கள்.