கடவுள் பெயரைச் சொல்லாமல் சாட்சி சொல்வது எப்படி?

இந்திய நீதிமன்றத்தில் கடவுள் பெயரால் சத்தியம் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1969-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டம், 5-ஆம் பிரிவு, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்கிறது.

கூண்டில் ஏறும் முன்பே உங்கள் வழக்கறிஞரிடமோ நீதிமன்ற ஊழியரிடமோ சொல்லிவிடுங்கள். ஊழியர் வழக்கம்போல் "கடவுள் அறிய" என்று தொடங்கினால், நிறுத்தி, "உளமார உறுதி கூறுகிறேன்; நான் சொல்வது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை" என்று சொல்லுங்கள். இது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

சத்தியம், உறுதிமொழி இரண்டையும் மறுத்தால்தான் சிக்கல், அது தண்டனைக்குரிய குற்றம். உறுதிமொழி கூறியவர் பொய் சொன்னாலும், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய குற்றவியல் சட்டம்) 229-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. பிரமாணப் பத்திரத்தில் கடவுள் பெயர் அச்சாகியிருந்தால், கையெழுத்துக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.